தார் பாலையில் ஒரு சைக்கிள் பிரயாணம்

ஜோத்பூரில் வாழும் எங்களுக்குப் பாலைவனம் வாசலிலேயே இருக்கிறது. ஆயினும் வாசலில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? எங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறை கிடைத்ததும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு தெற்கே செல்லும் வண்டியில் ஏறிவிடுவதே எங்கள் வழக்கம். மேற்கே ஜெய்சல்மேருக்குச் செல்லும் வண்டியின் கணக்குகளை ஆபீஸில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அந்த வண்டியில் ஒரு முறையேனும் ஏறியதில்லை.

2024 டிசம்பர் இறுதியில் அந்தக் குறை நீங்கிற்று. அதற்குக் காரணம், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த எங்கள் மைத்துனன். இருபது வயது, கல்லூரி மாணவன். அக்காளைப் பார்க்க வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. தன் சைக்கிளை அட்டைப் பெட்டியில் கட்டி, ரயிலின் லக்கேஜ் வானில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். அது நாம் கடைத்தெருவுக்கு ஓட்டிச் செல்லும் சைக்கிள் அன்று. மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. டயர்கள் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். முன் சக்கரத்துக்கு மேலே அதிர்ச்சி தாங்கும் சுருள்வில். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பலவிதமான கியர்கள். "அத்தான், ஜெய்சல்மேர்ப் பாலையில் இதை ஓட்டிப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன்" என்றான். ஆபீஸ் நண்பர் ஒருவருடைய மகனிடம் அதே போன்ற சைக்கிள் ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கினோம். வாடகை ஜீப் ஒன்றின் தலையில் இரு சைக்கிள்களையும் கட்டி, எங்கள் இல்லத்தரசி, பத்து வயது மகள், மைத்துனன் ஆகியோருடன் ஒரு விடியற்காலை புறப்பட்டோம்.

புறப்படும்போது வீட்டு மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. மதுரைக் கோட்டத்தில் பணிபுரியும் குமாஸ்தா ஒருவர், எங்கள் இடத்துக்கு வரவும் தம் இடத்தை எங்களுக்குத் தரவும் இசைந்திருந்தார். இப்படிப்பட்ட பரஸ்பர மாற்றல் எளிதில் வாய்ப்பதன்று என்பதை ரயில்வேக் குடும்பங்கள் அறியும். ஜனவரி முடிவதற்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அம்பாசமுத்திரத்தில் மாமனார் தனியாக இருக்கிறார், அவருக்கு வயதாகிவிட்டது. ஆகவே போகவேண்டும் என்பது இல்லத்தரசியின் எண்ணம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தோழிகளோடு மார்வாடி பேசி விளையாடும் மகளோ, பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். இரண்டு மாதங்களாக அந்தக் காகிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சாலைவழியே சுமார் 280 கிலோமீட்டர். சாலை நல்ல சாலை. இருபுறமும் நிற்கும் மரங்களைக் காட்டி, "இது நம் ஊர் வன்னி மரமல்லவா?" என்றான் மைத்துனன். ஆம், அதேதான். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் வன்னியை இங்கே கேஜ்ரி என்கிறார்கள். ஆட்டுக்குத் தழை, மனிதனுக்குக் காய், அடுப்புக்கு விறகு, வயலுக்கு நிழல் என எல்லாம் தருவது அது. ஜோத்பூருக்கு அருகேயுள்ள கேஜர்லி கிராமத்தில், 1730இல் அரண்மனைக்கு விறகுக்காக இம்மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்மணியைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் கொடுத்தார்கள். இந்தச் செய்தியை மகள் தன் மாமனுக்கு ஒரு வரி விடாமல் சொன்னாள். அவள் பள்ளியில் படித்தது அது.

1974இலும் 1998இலும் அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் பெயர் பரவிய போக்ரானில் காலை உணவு கொண்டோம். அதற்கப்பால் நிலம் மாறுகிறது. மரங்கள் குறைந்து புதர்களாகின்றன. ஜெய்சல்மேரை நெருங்க நெருங்க, அடிவானம் வரையில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன. மாலையில் கோட்டையைக் கண்டோம். ராவல் ஜைசல் 1156இல் அமைத்த கோட்டை அது. மஞ்சள் கல்லால் கட்டிய மதில்மேல் அந்திவெயில் விழும்போது, உள்ளே விளக்கேற்றினாற்போல் ஒளிர்கிறது. இன்றும் அதனுள் மக்கள் குடியிருக்கிறார்கள். துணி உலர்கிறது, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் காலை, 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குல்தாரா என்ற கைவிடப்பட்ட கிராமத்துக்குச் சென்றோம். நேராக அமைந்த தெருக்கள். இருமருங்கிலும் கூரையற்ற கல்வீடுகள். நடுவே ஒரு கோயில். ஒரு வீட்டிலும் மனிதர் இல்லை. பாலிவால் பிராமணர்கள் கட்டிய ஊர் இது. அவர்களும் வந்தேறியவர்களே. ஜோத்பூருக்குத் தெற்கே உள்ள பாலி என்னும் ஊரை விட்டு வந்ததால் அவர்களுக்குப் பாலிவால் என்று பெயர். இம்மாதிரி 84 கிராமங்களில் வாழ்ந்த அவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலத்தை விட்டு அகன்றார்கள். திவான் ஸலீம் சிங் ஊர்த்தலைவரின் மகளை விரும்பியதாகவும், மானத்துக்கு அஞ்சி 84 ஊர்களும் ஓரே இரவில் காலியானதாகவும் கதை வழங்குகிறது. வரிக்கொடுமை, நீர்வற்றல், நிலநடுக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணங்களும் கூறுகிறார்கள்.

ஓர் அடுப்படியின் அருகில் நின்றுகொண்டு மகள் கேட்டாள்: "ஏன் அப்பா, இவர்களுக்கு வீடு பிடிக்கவில்லையா?"

"பிடித்துத்தான் கட்டினார்கள், அம்மா. போகவேண்டி வந்தது, போனார்கள்."

"நாமும் அப்படித்தானே போகப்போகிறோம்?"

விடை சொல்ல எங்களுக்கு வார்த்தை வரவில்லை. இல்லத்தரசி சுவரிலிருந்த விளக்குமாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்துதான் சைக்கிள் பயணம் தொடங்கியது. தென்மேற்கே காபா என்ற மற்றொரு பாலிவால் கிராமமும் ஒரு சிறு கோட்டையும் இருக்கின்றன. ஜீப் சாலைவழியே அங்குப் போய்க் காத்திருக்க வேண்டும்; நாங்கள் இருவரும் வெளித்தடத்தில் சைக்கிளில் வந்து சேர வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் அளவே இருக்குமென்றும், இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாமென்றும் கணக்கிட்டோம். ஆளுக்கு இரண்டு புட்டி, ஆக நான்கு லிட்டர் தண்ணீர், மாற்று டியூப் இரண்டு, ஒரு பம்பு, ஒட்டுப் போடும் சாமான். "பெரிய புட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இல்லத்தரசி சொன்னார். கனம் என்று அதை ஜீப்பிலேயே விட்டுவிட்டோம். அப்போது மணி பத்து.

பாலைவனம் என்றாலே மணல்மேடு என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. சாம், கூரி முதலிய இடங்களில்தான் மணற்குன்றுகள் உண்டு. ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி கல்லும் சரளையும் பரந்த மேட்டுவெளி. அதை மக்ரா என்கிறார்கள். சைக்கிளுக்கு அது நல்ல தடம். சக்கரத்தின் கீழ்ச் சரளை நறநறவென்று ஒலிக்க, எதிரே வானம் தவிர ஒன்றுமில்லாத வெளியில் மிதித்துச் செல்லும் இன்பத்தை ஆபீஸ் நாற்காலியில் பதினைந்து ஆண்டு உட்கார்ந்தவர்களே முழுதும் உணர முடியும். பள்ளங்களில் மாத்திரம் காற்று கொணர்ந்த மணல் திரண்டு கிடக்கும். அங்கே மைத்துனன் ஆசிரியரானான். "டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள் அத்தான், அகலமாகப் படிந்தால் புதையாது. லேசான கியரில் நிறுத்தாமல் மிதியுங்கள். உடம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். முன்பிரேக்கைத் தொடவே கூடாது." எங்களில் முப்பத்தேழு வயதானவர் முன்பிரேக்கைத் தொட்டார், தொட்ட மறுகணம் மணலில் கிடந்தார். மணல் மெத்தென்றிருந்ததால் பழுது ஒன்றும் இல்லை.

முயல் ஒன்று ஓடிற்று. தூரத்தில் சிங்காரா மான்கள் இரண்டு நின்று பார்த்தன. கானமயில் தென்படுமா என்று தேடினோம். ராஜஸ்தானத்தின் மாநிலப் பறவையான அது இன்று மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. மின்கம்பிகளில் மோதி இறப்பது அதன் பெருங்கேடு. 2019 முதல் சாமில் அதை வளர்த்துப் பெருக்கும் நிலையம் ஒன்று நடைபெறுகிறது. எங்களுக்கு அதன் தரிசனம் கிட்டவில்லை.

கிட்டியது முள். முதல் டியூப் ஒரு மணி நேரத்தில் போயிற்று; இரண்டாவது அதற்குப் பின் அரை மணியில். எடுத்துப் பார்த்தால், நம் ஊர்க் கண்மாய்களையெல்லாம் மூடிக் கிடக்கும் அதே சீமைக் கருவேல முள்! 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் ராஜ தாவரம் என்று பட்டம் சூட்டிப் பரப்பிய செடி அது. அதன் கிரீடத்தை எங்கள் டயரில் கண்டோம். மூன்றாவது தடவை மாற்று டியூப் இல்லை, ஒட்டுத்தான் போடவேண்டும். ஓட்டை மிக நுண்ணியது. கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதே வழி. சோற்று டப்பாவில் குடிதண்ணீரை ஊற்றி, டியூபைத் துண்டு துண்டாக அமுக்கிப் பார்த்தோம். ஓட்டை அகப்பட்டது. அந்த மகிழ்ச்சியில், பாலைவனத்து நடுவே ஒரு லிட்டர் தண்ணீரை மண்ணில் கொட்டியதைப் பற்றி எங்களுக்கு ஒரு சிந்தனையும் எழவில்லை.

ஒட்டுப் போட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்றரை. இரண்டு தடங்கள் எதிரே பிரிந்தன. கைபேசியில் சமிக்ஞை இல்லை. அகலமான தடத்தைப் பிடித்தோம். அது மனிதர் தடம் அன்று. ஆட்டு மந்தையின் தடம். நாற்பது நிமிடம் சென்றபின் அது நான்காகி, எட்டாகி, ஒன்றுமில்லாமல் கரைந்துபோயிற்று. எத்திசையில் நோக்கினும் ஒரே சரளை, ஒரே புதர். காற்றாலைகளைக் கொண்டு திசையறியலாம் என்று பார்த்தால், அவை எல்லாப் பக்கத்திலும் ஒன்று போலவே சுழன்றன.

டிசம்பர் வெயில் கொடியதன்று. ஆனால் வறண்ட காற்று வியர்வை தோன்றுமுன்பே அதை உலர்த்திவிடுகிறது. உடலிலிருந்து நீர் போவது தெரிவதில்லை. மூன்று மணிக்கு மிஞ்சியிருந்தது அரைப் புட்டி. மைத்துனனின் பேச்சு குறைந்தது. உதடு வெடித்து, கண் மங்கி, "கொஞ்சம் உட்காரலாமா அத்தான்?" என்றான். உட்கார்ந்தவன் எழ முயன்று மறுபடி உட்கார்ந்தான். அப்போதுதான் எங்களுக்கு அச்சம் பிறந்தது. வயதான தகப்பனாரின் ஒரே மகன். அக்காள் நம்பி அனுப்பிய தம்பி. கனம் என்று நாம் விட்டுவந்த புட்டி ஜீப்பில் இருக்கிறது. அரைப் புட்டியையும் அவனுக்கே கொடுத்தோம்.

எங்கிருந்தோ மணியோசை கேட்டது. ஆட்டுமணி. சைக்கிள்களைப் போட்டுவிட்டு, அவனைத் தாங்கிக்கொண்டு ஓசை வந்த திசையில் நடந்தோம். சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு முதியவர் மந்தையின் பின்னே வந்துகொண்டிருந்தார். "ராம் ராம் சா" என்றோம். அவர் பதில் வணக்கம் சொல்வதற்கு முன் மைத்துனனின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "வாருங்கள்" என்று கைகாட்டி முன்னே நடந்தார்.

ஒரு சிறு மேட்டைக் கடந்ததும் நாங்கள் கண்டதை நம்ப முடியவில்லை. பச்சை! கடலைச் செடியும் கோதுமையுமாக ஒரு வயல். அதன் தாழ்ந்த ஓரத்தில் நீண்ட மண்கரை. கரைக்கு அப்பால், வட்டமான சிறு வாயுடைய ஒரு கிணறு; அதன்மேல் ஒரு மூடி. மூடியை அகற்றி, வாளியை இறக்கி, நீர் முகந்தார். "மெல்லக் குடி, மகனே, மெல்ல" என்று தம் கையாலேயே அவன் வாயில் ஊற்றினார். அந்த நீர் இனித்தது. தாமிரபரணி நீர் குடித்து வளர்ந்தவன் சொன்ன சொல் இது, நாங்களாகச் சேர்த்ததன்று.

அந்த வயலுக்குக் கடீன் என்று பெயர். ஜெய்சல்மேரில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் மழை சராசரி சுமார் 20 சென்டிமீட்டரே. சென்னையில் அது 130க்கு மேல். அந்தச் சிறு மழையும் கல்மேட்டில் தங்காமல் ஓடிவிடும். ஓடும் நீரைச் சரிவின் அடியில் 100 முதல் 300 மீட்டர் நீளமுள்ள கரையிட்டுத் தடுக்கிறார்கள். நீர் தேங்கி மண்ணுக்குள் ஊறுகிறது. மழைக்காலம் முடிந்ததும் அந்த ஈரத்திலேயே விதைக்கிறார்கள். அதன்பின் பாய்ச்சல் இல்லாமலே பயிர் விளைகிறது. கரைக்குக் கீழே ஊறிவரும் நீரை எடுக்கத் தோண்டுவது பேரி எனும் கிணறு. நீர் ஆவியாகாதிருக்க அதன் வாய் குறுகலாக இருக்கும், மூடியும் உண்டு.

"இதை யார் வெட்டியது, பாபா?" என்று கேட்டோம்.

"பாலிவால்கள். என் தாத்தாவின் தாத்தா வந்தபோதே இது இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் ஆண்டுதோறும் கரைக்கு மண் போடுகிறோம்" என்றார்.

பிறகு, உங்களுக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். "திருநெல்வேலிப் பக்கம்" என்றான் மைத்துனன். "ஜோத்பூர்" என்று வந்தது எங்கள் வாயில். இருவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார். "மழை உண்டா உங்கள் பக்கத்தில்?" என்றார். ஊரில் பெரிய குளம் இருப்பதையும், அதன் மடை தூர்ந்து கிடப்பதையும் மைத்துனன் சொல்ல, நாங்கள் மொழிபெயர்த்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "மழை நிறைய இருந்தால் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

பணம் நீட்டினோம், தண்ணீருக்கா என்று கேட்டுக் கையை விலக்கினார். பையிலிருந்த முறுக்கை ஏற்றுக்கொண்டார். பேரனை அழைத்துச் சைக்கிள்களை எடுத்துவரச் செய்து, காபாவுக்குத் தடம் காட்டி அனுப்பினார். நாங்கள் சேர்ந்தபோது சூரியன் மறையும் நேரம். கோட்டை மதிலில் மயில்கள் அடைந்துகொண்டிருந்தன. ஜீப் ஓட்டுநர் தேடப் புறப்பட்டு ஆளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இல்லத்தரசி தம்பியின் முகத்தைத் துடைத்தார். பின்பு பெரிய புட்டியை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆளுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். மாற்று டியூப் ஆளுக்கு மூன்று கொள்ளுங்கள்; முள்ளுக்கு அஞ்சி டியூபினுள் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்வது மேலும் நல்லது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு விடியலிலேயே புறப்படுங்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றி நுழையலாகாது. கடீன் வயலில் சக்கரம் ஏற்றாதீர்கள். கிணற்று மூடியைத் திறந்தால் மூடிவிட்டு வாருங்கள்.

திரும்பும் வழியில் மகளுக்கு அந்தக் கிணற்றைப் பற்றிச் சொன்னோம். "அப்படியானால் அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை, கொடுத்துவிட்டுப் போனார்கள்" என்றாள். குல்தாராவில் அவள் கேட்ட கேள்விக்கு அவளே விடை கண்டுகொண்டாள். ஆனால் போக இசைந்தாள் என்று நேயர்கள் எண்ணவேண்டாம்; இன்னமும் அழுகிறாள்.

ஜனவரியில் காகிதத்தில் கையெழுத்திட்டோம். உத்தரவு வரச் சில மாதங்கள் ஆகலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வந்திறங்கியபோது, நம் சங்கத்தில் ஓர் அலமாரித் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. எங்களுக்கு முன்பே மாற்றலாகிப் போன குடும்பங்கள் வைத்துச் சென்றவை. மகள் தமிழ் எழுத்துக் கற்றது அவற்றில்தான். அவளுடைய புத்தகங்களையும் அதில் சேர்த்துவிட்டோம். ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு எங்கள் இல்லத்தரசி நடத்திவரும் தமிழ் வகுப்பில் இப்போது பதினோரு பிள்ளைகள் படிக்கிறார்கள். உத்தரவு வருமுன் அதனை ஏற்று நடத்த அன்பர் எவரேனும் முன்வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கரும்பலகையும் சாக்குக்கட்டியும் சங்கக் கட்டடத்திலேயே இருக்கின்றன.